குமரி மாவட்ட வண்ணத்துப்பூச்சி: எப்படிப் படம் எடுத்தா பேரு சொல்ல முடியும்?

#1 ஓடைக்கரை

காளிகேசம் ஓடை மணல்லயும், கீரிப்பாறை போற வழியில ரப்பர் தோட்டத்து ஓரத்துலயும் எடுத்த நாலு படம் இணைச்சிருக்கேன். மூணு படம் 70–300 லென்ஸ்ல, நாலாவது போன்ல. எனக்குத் தோணுற பேரு:

படம் 1: ப்ளைன் டைகர். சிறகு விரிச்சிருக்கு.
படம் 2: ஏதோ ஒரு க்ராஸ் யெல்லோ (புல் மஞ்சள்). சிறகு மூடியிருக்கு.
படம் 3: காமன் ஜெஸபெல். ஈர மணல்ல உறிஞ்சிட்டு இருந்துச்சு.
படம் 4: சின்ன நீலம். விரிச்ச சிறகு மட்டும்தான் கிடைச்சுது.

எதைப் பாத்து முடிவு பண்றீங்கன்னும் சேத்துச் சொன்னா உபகாரமா இருக்கும்.

#2 பொத்தைமேடு

தம்பி, படம் 1 ப்ளைன் டைகர் இல்ல, டனாயிட் எக்ஃப்ளை பெண். பின்சிறகு நடுவுல பாருங்க. ப்ளைன் டைகருக்கு அங்க கறுப்புப் புள்ளி வட்டம் கட்டி நிக்கும். ஆணுக்கு நாலு, பெண்ணுக்கு மூணு. ஆணோட அந்த நாலாவது புள்ளி வாசனைப் பை. உங்க படத்துல பின்சிறகோட முன்விளிம்புல ஒரே ஒரு கறுப்புத் திட்டுதான் இருக்கு. சிறகு ஓரமும் அலை அலையா வெட்டின மாதிரி தெரியுது. இன்னொண்ணு, ப்ளைன் டைகர்னா தலையும் மார்பும் கறுப்பு, அதுல வெள்ளைப் பொட்டு தெளிச்சிருக்கும். எக்ஃப்ளைக்கு அந்தப் பொட்டு கிடையாது. எருக்கு தின்னு வளர்ற ப்ளைன் டைகர் பறவைக்குக் கசக்கும்; எக்ஃப்ளையோட புழு தின்னுறது பருப்புக்கீரை. வேஷம் மட்டும் டைகர் வேஷம்.

இந்த வேஷம் கட்டுறதுல இன்னொருத்தி தென்னந்தோப்புல இருக்கா: பாம்ஃப்ளை பெண். பறக்கும்போது டைகர் மாதிரியே இருக்கும். உக்காந்து சிறகை மூடினா அடிப்பக்கம் மரப்பட்டை நிறம். டைகர்னா மூடினாலும் ஆரஞ்சுதான்.

படம் 3: ஈர மணல்ல இருந்துச்சுன்னு நீங்க எழுதினதுமே சந்தேகம் வந்துட்டு. ஜெஸபெல் மண்ணுக்கு இறங்குறது ரொம்ப அபூர்வம். அது மர உச்சிக்காரி, இறங்கினா பூவுக்குத்தான் இறங்கும். இது பெயிண்டட் சாடூத். அடிச்சிறகு (சிறகோட அடிப்பக்கம்) ஓரத்துச் சிவப்புப் பொட்டைப் பெருசாக்கிப் பாருங்க. ஜெஸபெல்லுக்கு அது முக்கோணமா கூம்பி நிக்கும். சாடூத்துக்குச் சதுரமா, முனை மழுங்கி இருக்கும். உங்க படத்துல சதுரம்.

படம் 2: முன்சிறகு அடிப்பக்கத்துல, செல்லுக்குள்ள (சிறகு நடுவுல நரம்பு சூழ்ந்த கட்டத்துக்குள்ள) எத்தனை பழுப்புப் புள்ளின்னு எண்ணணும். மூணுன்னா த்ரீ ஸ்பாட், ரெண்டுன்னா காமன், ஒண்ணுன்னா ஒன் ஸ்பாட். ஒண்ணும் இல்லன்னா ஸ்மால் இல்லன்னா ஸ்பாட்லெஸ். உங்க படத்துல முன்சிறகு பின்சிறகுக்குள்ள பாதி இறங்கிக் கிடக்கு. ரெண்டு புள்ளி தெரியுது, மூணாவது இருந்தாலும் மறைஞ்சுதான் இருக்கும். அதனால க்ராஸ் யெல்லோன்னு நிறுத்திக்கலாம்.

படம் 4 பத்தி புல்நீலன் சொல்லட்டும்.

#3 புல்நீலன்

படம் 4-க்குப் பேரு கிடையாது. புல் நீலங்களோட (க்ராஸ் ப்ளூ) மேல்சிறகை வச்சு முடிவு சொல்ற ஆளை நம்பாதீங்க. நீல நிறம் செதிலோட நுண்ணமைப்புல ஒளி பட்டு வர்றது. கோணம் மாறினா நிறமும் மாறும்.

அடிச்சிறகு கிடைச்சா வேலை சுலபம். வரிசையா பாருங்க.

முன்சிறகு செல்லுக்குள்ள ஒரு புள்ளி இருக்கா? இருந்தா டார்க் க்ராஸ் ப்ளூ இல்லன்னா பேல் க்ராஸ் ப்ளூ. பேல் கொஞ்சம் பெருசு, அடித்தளம் வெளுத்த பழுப்பு. டார்க்ல புள்ளி எல்லாம் அழுத்தமா நிக்கும்.

செல்லுக்குள்ள புள்ளி இல்லயா? அப்போ லெஸ்ஸர் இல்லன்னா டைனி. முன்சிறகோட முன்விளிம்புல, பாதி தூரத்துல தனியா சின்னப் புள்ளி இருந்தா டைனி. லெஸ்ஸருக்கு அது கிடையாது. பின்சிறகுப் புள்ளி வளைவுல மேலேருந்து ரெண்டாவது புள்ளி மட்டும் வரிசையை விட்டு உள்ளே தள்ளி நிக்கும்.

இதுக்கு மேக்ரோ லென்ஸ் வேணுமான்னு கேப்பீங்க. வேண்டாம். மூடின சிறகு சுமாரா 12 மிமீ. 70–300 லென்ஸ் கிட்டத்துல கால் பங்கு உருவளவு தரும். அப்போ சென்சார்ல 3 மிமீ விழும். ஏபிஎஸ்-சி சென்சார் அகலம் 23.5 மிமீ, 24 மெகாபிக்சல்னா குறுக்கே 6000 பிக்சல். கணக்குப் போட்டா பூச்சிக்கு 760 பிக்சல் கிடைக்கும். புள்ளி எண்ண அது தாராளம், கை குலுங்காம இருந்தா.

#4 ஓடைக்கரை

நன்றி அண்ணாச்சி, நன்றி புல்நீலன் சார். க்ராஸ் யெல்லோ எப்பவும் சிறகை மூடித்தான் உக்காருது. முன்சிறகு உள்ளே இறங்காம எடுக்க வழி உண்டா? கேமரா அமைப்பும் யாராவது சொல்லுங்க.

#5 நாஞ்சில்லென்ஸ்

உண்டு. உக்காந்த உடனே ரெண்டு மூணு விநாடிக்கு முன்சிறகு தூக்கித்தான் இருக்கும். அப்புறம்தான் மெதுவா உள்ள இழுத்துக்கும். அதனால அது உக்காந்த பிறகு கிட்டப் போறது பிரயோஜனம் இல்ல. பறந்துட்டு இருக்கும்போதே கூட நடந்து, உக்காந்த நொடியே தூரத்துலருந்து தொடர்ச்சியா ஆறேழு அடிச்சிருங்க. மண்ணுல உறிஞ்சும்போதும் பூவுல தேன் குடிக்கும்போதும் முன்சிறகு தூக்கியிருக்கிற நேரம் ஜாஸ்தி.

அமைப்பு: ஷட்டர் 1/500-க்குக் கீழ போகாதீங்க, காத்துன்னா 1/1000. லென்ஸ் துளை எஃப்8. ஆட்டோ ஐஎஸ்ஓ வச்சு 3200-ல கட்டிப் போடுங்க. ரா ஃபைல் (கேமரா மாத்தாம சேமிக்கிற மூலக் கோப்பு) கண்டிப்பா.

இதெல்லாம் பாதி வேலைதான். மீதி, சென்சாரும் சிறகும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். அரை உருவளவுல எஃப்8 வச்சா கூர்மை ஆழம் ஏறக்குறைய 2 மிமீதான், முழு உருவளவுல முக்கால் மிமீகூட இல்ல. மூடின சிறகுன்னா பக்கவாட்டுல, பூச்சி உயரத்துக்கே கேமராவை இறக்கணும். முழங்கால் மடக்காம நின்னுக்கிட்டு மேலேருந்து சாய்ச்சு எடுத்தா சிறகு நுனி கூர்மையா இருக்கும், அடிப்பக்கம் கரைஞ்சு போகும். பேரு சொல்ல வேண்டிய புள்ளி அந்தக் கரைஞ்ச இடத்துலதான் இருக்கும், கேட்டீங்களா.

எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுற குழாய்) வாங்கப் போறவங்களுக்கு: ட்யூப் நீளத்தை லென்ஸோட குவியத் தூரத்தால வகுத்தா எவ்வளவு உருவளவு கூடும்னு கிடைச்சிரும். 36 மிமீ ட்யூப் 300-ல 0.12 மட்டும்தான் கூட்டும், 100-ல 0.36. டெலி லென்ஸுக்கு முன்னாடி மாட்டுற குளோஸ்-அப் கண்ணாடி இதைவிட மேல். +2 டயாப்டர்னா அரை மீட்டர் தள்ளி நின்னு எடுக்கலாம். +8 எல்லாம் பத்துப் பன்னெண்டு செமீ கிட்டப் போகச் சொல்லும். காளிகேசம் மணல்ல உக்காந்திருக்கிற ப்ளூபாட்டில் வண்ணத்துப்பூச்சி கிட்ட அவ்வளவு தூரம் போய்ப் பாருங்க, தெரியும்.

வெள்ளை, மஞ்சள் பூச்சிக்கு வெளிச்ச அளவுல கவனம். இருட்டுப் பின்னணியில சின்னதா இருந்தா கேமரா அதை வெளுக்க வச்சிரும், -0.7லருந்து -1 வரை குறைங்க. ஃபிரேம் முழுக்க வெள்ளையே நிறைஞ்சிருந்தா நேர் எதிர், கூட்டணும். வெளுத்துப் போன செதிலை ரா ஃபைல்லயும் மீட்க முடியாது.

போன்ல எடுக்குறவங்க அல்ட்ராவைட் மேக்ரோவை அணைச்சு வைங்க. அது மூணு நாலு செமீக்குக் கிட்டக் கூப்பிடும், போன் நிழல் மேல விழும், பூச்சி போயிரும். 2எக்ஸ், 3எக்ஸ் டெலியில ஒரு முழம் தள்ளி எடுத்து வெட்டிக்கலாம்.

#6 பொத்தைமேடு

சரியாச் சொன்னீங்க. ஃபிளாஷ் பத்தி மட்டும் விட்டுட்டீங்க.

#7 நாஞ்சில்லென்ஸ்

வேணும்னேதான் விட்டேன் அண்ணே, சண்டை வரும்னு. ரப்பர் நிழல்லயும் கமுகுத் தோப்புலயும் காலை பத்து மணிக்கே வெளிச்சம் போதாது. அங்க டிஃப்யூசர் (வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்குற மறைப்பு) போட்டு, ஃபிளாஷைக் கால் பங்குல வச்சு அடிச்சா புஷ்பிரவுன் பூச்சியோட கண் வளையம் எல்லாம் அப்படியே வரும்.

#8 பொத்தைமேடு

வரும். கூடவே பின்னணி கறுத்துப் போகும், செடி தெரியாது. நீலங்களுக்கும் எக்ஃப்ளை ஆணுக்கும் நிறமும் திரியும். முதல் ரெண்டு படம் இயற்கை வெளிச்சத்துல எடுத்துட்டு அப்புறம் ஃபிளாஷ் போட்டா எனக்கு ஆட்சேபம் இல்ல. டிஃப்யூசர் இல்லாத வெறும் ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். செதில் பளபளத்துப் புள்ளியே காணாமப் போகும்.

#9 மரோட்டி

பின்னணி பத்தி அண்ணன் சொன்னதை நானும் பிடிச்சுக்கிடுறேன். பூச்சியோட ஒரு படம் எடுத்தா அது உக்காந்த செடியையும் ஒரு படம் எடுங்க, இலையும் காம்பும் தெரியிற மாதிரி. முட்டையிடுற பெண்ணா இருந்தா செடிதான் பாதிப் பேரைச் சொல்லும். தேன் குடிக்கிற பூவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உண்ணிச்செடியிலயும் கிருஷ்ணகிரீடத்துலயும் எல்லாரும்தான் வருவாங்க.

நம்ம பக்கத்துல புழு தின்னுற, பாக்க வேண்டிய செடிங்க: கருடக்கொடியில காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ், சதர்ன் பேர்ட்விங். கறிவேப்பிலை, எலுமிச்சையில காமன் மார்மன். மார்மன் பெண்ணுல ஒரு வடிவம் காமன் ரோஸ் மாதிரி, இன்னொண்ணு கிரிம்சன் ரோஸ் மாதிரி, மூணாவது ஆணைப் போலவே இருக்கும். ரோஸ்னா உடம்பு சிவப்பு. மார்மன்னா உடம்பு கறுப்பு. சிறகைப் பாத்துக் குழம்பவே வேண்டாம், உடம்பு தெரியிற மாதிரி ஒரு படம் போதும்.

மாமரத்துப் புல்லுருவியில ஜெஸபெல் முட்டை கூட்டமா இருக்கும். மாவுலயும் கொல்லாமரத்துலயும் (முந்திரி) காமன் பேரன் (Baron). அதோட புழு இலை நடு நரம்போட ஒட்டிப் படுத்தா கண்ணுக்கே தெரியாது. பள்ளிக்கூட வாசல் நெட்டிலிங்கத்துல டெய்ல்டு ஜேவும் காமன் ஜேவும். வீட்டு முன்னால அழகுக்கு வச்ச சைக்கஸ் குருத்தைக் கடிச்சு வச்சிருந்தா ப்ளெய்ன்ஸ் க்யூபிட். லைம் ப்ளூ மாதிரியே இருக்கும், ஆனா இதுக்கு மெல்லிசா வால் உண்டு, லைம் ப்ளூக்குக் கிடையாது.

நம்ம மாநிலப் பூச்சி தமிழ் மறவன், 2019-ல அறிவிச்சது. அதுக்கு மரோட்டி மரம். மலையடிவாரத்துல ஓடையோரம் அந்த மரம் நிக்கிற இடமாப் பாத்து நில்லுங்க.

த்ரீ ஸ்பாட் க்ராஸ் யெல்லோக்கு இன்னொரு அடையாளம்: முட்டையைக் கும்பலா இடும், புழுவும் கும்பலாத்தான் தின்னும். காமன் ஒத்தை ஒத்தையா இடும்.

#10 ஆரல்காத்து

எல்லாரும் காளிகேசம், பேச்சிப்பாறைன்னு மேக்கயே போறீங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் முள்ளுக்காட்டுல வேற கூட்டம் இருக்கு: கிரிம்சன் டிப், ப்ளெய்ன் ஆரஞ்ச் டிப், சால்மன் அராப், வைட் ஆரஞ்ச் டிப், யெல்லோ ஆரஞ்ச் டிப். விழுதி, ஆதொண்டை, உகாய் நிக்கிற இடத்துல தேடுங்க. ஈரக்காட்டுல இதுங்க பெரும்பாலும் கிடைக்காது.

சிக்கல் காத்துதான். கணவாய் வழியா ஆனி, ஆடியில அடிக்கிற காத்துல புல்நுனிப் பூச்சியைப் படம் எடுக்கவே முடியாது. காலை ஏழரையிலருந்து ஒன்பதரைக்குள்ள முடிச்சிருங்க. அதுக்கு மேலன்னா பொத்தையோட (சின்னக் குன்றோட) கிழக்குச் சரிவு, குளத்துக் கரையோட உள்பக்கம்னு மறைவு பாத்து உக்காருங்க. காத்துல பூச்சி தலையைக் காத்து வர்ற பக்கம் திருப்பி, செடியில தாழத்தான் உக்காரும். காத்துக்குக் குறுக்கே நின்னா பக்கவாட்டுச் சிறகு நேரா கிடைக்கும்.

ஆரஞ்ச் டிப் உக்காந்தா ஆரஞ்சை மறைச்சுக்கும். வெயிலுக்கு எதிரா, பூச்சி நடுவுல வர்ற மாதிரி நில்லுங்க. ஒளி சிறகை ஊடுருவி நுனி நிறம் அடிப்பக்கத்துலயே தெரியும். அழகுப் படம் ஆகாது, பேரு சொல்லப் போதும்.

#11 ஓடைக்கரை

ரெண்டு கேள்வி. க்ரோ வண்ணத்துப்பூச்சி மூடின சிறகுல எல்லாம் ஒண்ணு போல இருக்கே? அப்புறம் ரப்பர் தோட்டத்துப் புல்லுல வளையம் போட்ட பழுப்புச் சின்னப் பூச்சி, ஒரே இடத்துல சிலதுக்கு வளையம் பெருசு, சிலதுக்கு வெறும் புள்ளி.

#12 பொத்தைமேடு

க்ரோவுக்கு முதல்ல காலை எண்ணுங்க. க்ரோ, டைகர் எல்லாம் நாலு கால்லதான் நிக்கும், முன்கால் சுருங்கி மார்போட ஒட்டியிருக்கும். ஆறு கால் தெரிஞ்சா அது க்ரோ வேஷம் போட்ட காமன் மைம் இல்லன்னா மலபார் ரேவன். மைமுக்குப் பின்சிறகு ஓரத்துல மஞ்சள் பொட்டு வரிசையும் உண்டு.

நாலு கால் உறுதின்னா மேல்சிறகு வேணும். ஆணோட முன்சிறகுல, கீழ்விளிம்பை ஒட்டி நீள வடு (பட்டை மாதிரி அடையாளம்) ஒண்ணுன்னா காமன் க்ரோ, ரெண்டுன்னா டபுள் பிராண்டட். சிறகை விரிக்க வைக்க வழி, கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும். வாடின தண்டுலயும் கடிபட்ட காய்லயும் உள்ள ஆல்கலாய்டுக்காக ஆண்கள் மொய்க்கும். ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறி இடம் பிடிக்கும்போது விரியும். மழைக்காலத்தை ஒட்டி டைகரும் க்ரோவும் கூட்டமா இடம்பெயர்ற நாள்ல ஒரே புதர்ல ரெண்டு இனமும் கிடைக்கும்.

வளையம் உங்க ரெண்டாவது கேள்வி. அது ரிங் வகை. பின்சிறகு அடியில வளையத்தை எண்ணணும். காமன் ஃபோர்ரிங்னா மேல் மூலையில ஒண்ணு, கீழ மூணு. மழைப் பருவ வடிவத்துல வளையம் பெருசு, வறண்ட பருவத்துல சுருங்கிப் புள்ளி ஆயிரும். நமக்கு ரெண்டு மழை இருக்கிறதால பருவம் மாறுற மாசத்துல ரெண்டு வடிவமும் சேந்தே பறக்கும். புள்ளியான வடிவத்தை எண்ணிக் குழம்ப வேண்டாம். அதே இடத்துல வளையம் தெளிவா உள்ளது கிடைக்கிற வரை வகைப் பேரோட விடுங்க. ஈவினிங் பிரவுனும் இதே கதை: மழையில கண்வளையம், வறட்சியில காஞ்ச சருகு.

#13 புல்நீலன்

இதைத்தான் நானும் வலியுறுத்துறேன். வகைப் பேரோட நிறுத்துறது கௌரவக் குறைச்சல் இல்ல. இலந்தையைச் சுத்துற டாருகஸ் பியரோ, புஷ்பிரவுன்ல பாதி, புல்லுல திரியிற ஸ்விஃப்ட் பூச்சி எல்லாம் படத்தை வச்சு முடிக்க முடியாதது நிறைய. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி உயிரினப் பதிவுத் தளத்துல ஏத்தும்போது இனப் பேரை ஊகிச்சுப் போட்டா அது பரவல் வரைபடத்துல போய் உக்காந்துக்கும், எடுக்கிறது பெரும்பாடு.

ஐநேச்சுரலிஸ்ட்ல ஏத்துறவங்க: ஒரே பூச்சியோட மேல்சிறகு, அடிச்சிறகு, செடி மூணையும் ஒரே பதிவுல போடுங்க. ஆனா அது ஒரே பூச்சிதான்னு உறுதியா இருக்கணும். ஒரே மணல்ல பக்கத்துல பக்கத்துல இருந்த ரெண்டு அல்பட்ராஸ் வண்ணத்துப்பூச்சியை ஒரே பதிவாப் போட்டா மேல் ஒரு இனம், அடி ஒரு இனம்னு ஆகும். உடைஞ்ச சிறகு, கீறல், தேஞ்ச ஓரம் வச்சு ஒப்பிட்டு ஏத்துங்க. கேமரா கடிகாரம் சரியான்னும் பாருங்க. கேமராவுல இடக்குறி இல்லன்னா போன்ல ஒரு படம் எடுத்து வச்சா இடமும் நேரமும் பதிஞ்சிரும்.

#14 மரோட்டி

சிறகை விரிக்க வைக்கிறதுக்காகப் பிடிச்சு ஐஸ் பெட்டியில வச்சு எடுக்கிற பழக்கம் சில இடத்துல இருக்கு. இங்க யாரும் அந்த யோசனையைக் கொண்டு வராதீங்க. பட்டியல்ல உள்ள இனத்தைப் பிடிக்கிறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுக்குள்ள இறங்க வனத்துறை அனுமதியும் வேணும். மலையில மழைன்னா காளிகேசம் ஓடை திடீர்னு ஏறும், மணல்ல படுத்துக்கிடந்து எடுக்குறவங்க மேல்பக்க வானத்தையும் ஒரு கண் பாத்துக்கோங்க.

கிட்ட வர வைக்கணும்னா அழுகின பழம் போதும். சக்கைப்பழம் (பலா), அன்னாசித் தோல், கனிஞ்ச ஏத்தன் வாழை. நிழல்ல ஒரு கல்லு மேல வைங்க. பேரன், ராஜா, ஈவினிங் பிரவுன் எல்லாம் வரும், குடிக்கிற மும்முரத்துல நகராது.

#15 ஓடைக்கரை

சாயங்காலம் வாழைத்தோப்புல சிவப்புக் கண்ணோட பெரிய பழுப்பு ஸ்கிப்பர் வகைப் பூச்சி. ஜயன்ட் ரெட்ஐனு போடலாமா?

#16 புல்நீலன்

முன்சிறகுல பெரிய மஞ்சள் ஜன்னல் (ஒளி ஊடுருவுற திட்டு) மூணு இருக்குமே, அதுக்கு மேல நுனிப்பக்கம் சின்னப் புள்ளி மூணு தனியா இருக்கான்னு பாருங்க. இருந்தா ஜயன்ட் ரெட்ஐ. பெரிய மூணு மட்டும்னா எரியோனோட்டா, வாழையிலைச் சுருட்டி.

#17 மரோட்டி

படத்துல நுனி தெரியலன்னா சுருட்டின இலையைப் பிரிச்சுப் பாருங்க ஓடைக்கரை. ஜயன்ட் ரெட்ஐ புழு உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழை நீளமா தொங்கும், தென்னையிலயும் கிடைக்கும். எரியோனோட்டா புழு மாவு பூசின மாதிரி வெள்ளைப் பொடியா மட்டும் இருக்கும். புழுவையும் படம் எடுத்து அதே பதிவுல சேக்காதீங்க, தனிப் பதிவாப் போடுங்க.